அடிப்பவர், பிடிப்பவர்

புதன்கிழமைப் பத்திரிகையில் அது வந்திருந்தது. பக்கம் முழுக்க இரண்டு படம், நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் ஹானுஸ், மீசையும் நனைந்த தலையுமாக, முப்பது வருஷத்துக்கு முந்தைய படம். வலப்பக்கம் தைத்தூர், பல்லெல்லாம் தெரிய, போன மாதம் எடுத்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘பயிற்சியாளரா, பையனா?’ என்று போட்டிருந்தது.

ஹானுஸ் ஃபாரோ தீவுகளின் தேசியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர். தைத்தூர் அதே அணியில் முன்வரிசையில் ஆடுகிறவன். இருபத்து மூன்று வயது. டென்மார்க்கில் ஒரு கிளப்பில் சம்பளத்துக்கு ஆடுகிறான். பத்திரிகைக்காரன் இரண்டு பேரையும் மீன் நிறுக்கிற மாதிரி எதிரெதிர்த் தட்டில் வைத்திருந்தான். ஹானுஸ் நாற்பத்து நான்கு ஆட்டம், ஒன்பது கோல், வெளிநாட்டுக் கிளப் ஒன்றுமில்லை. தைத்தூர் இருபத்தொரு ஆட்டம், ஒன்பது கோல், வெளிநாட்டுக் கிளப் இரண்டு.

நாட்டுக்காக ஒன்பது கோலுக்கு மேல் யாரும் போட்டதில்லை. இருபத்தொன்பது வருஷமாக ஹானுஸ் தனியாகக் கால் நீட்டிப் படுத்திருந்த கட்டில் அது. போன மாதம் இந்தப் பையன் வந்து பாதியைப் பிடித்துக்கொண்டான். இன்னொன்று போட்டால் ஹானுஸ் தரையில்.

அதுகூடப் போகட்டும். பக்கத்தின் அடியில் வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். அன்றைய ஹானுஸுக்கு இன்றைய அணியில் இடம் கிடைக்குமா? நூற்றுக்கு எட்டுப் பேர் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

எட்டுப் பேர். இது ஐம்பதாயிரம் பேர் இருக்கிற நாடு. ஓட்டுப் போட்டவன் எல்லாம் தெரிந்தவன்தான். காலையில் சிரித்துக்கொண்டே கடிதம் கொடுத்துவிட்டுப் போன தபால்காரி எந்தப் பக்கம் போட்டிருப்பாள்? பெட்ரோல் போடுகிறவன்? பல் பிடுங்கின டாக்டர்? ஹானுஸ் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. இப்போது அடுப்படியில் நிற்கிற பெண்டாட்டி மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

“நீயும் ஓட்டுப் போட்டியா?” என்று கேட்டார்.

“போட்டேன்,” என்றாள் சுன்வா.

“எதுக்கு?”

“ஓட்டை வெளிய சொல்லக் கூடாதுங்க. காபி ஆறுது, குடிங்க.”

காபி கசந்தது. வெறும் எண்ணிக்கையை மட்டும் போட்டால் போதுமா என்று அவருக்குப் பொருமிக்கொண்டு வந்தது. அவர் அந்த ஒன்பதைப் போட்ட காலத்தில் காலை ஐந்து மணிக்கு மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்து நிற்பார். மதியம் மேஸ்திரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கிப் படகு ஏறிப் போய் ஆடுவார். கிளப் ஆட்டமெல்லாம் சரளைக் கல் தரையில். விழுந்தால் முழங்காலில் கல் ஏறிக்கொள்ளும், பெண்டாட்டி ஊசியால் எடுப்பாள். இந்தப் பையனுக்குக் கால் பிடித்துவிட இரண்டு பேர். என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஒருத்தி. அவன் போட்ட ஒன்பதில் நான்கு, நம்மைவிடச் சின்ன நாடுகளுக்கு எதிராக. அதை எந்தக் கட்டத்தில் எழுதினான் பத்திரிகைக்காரன்?

கோபப்பட ஏதுவாகப் பையன் ஏதாவது செய்தாலும் பரவாயில்லை. பயிற்சிக்கு முதலில் வருவான். பந்துப் பையைத் தானே தூக்குவான். வியாழக்கிழமை வந்து, “கோச், அந்தப் படத்துல உங்க மீசை நல்லா இருக்கு. ஏன் எடுத்துட்டீங்க?” என்று கேட்டான். நக்கலா, நிஜமா என்று ஹானுஸ் அவன் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தார். நிஜம்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை தலைநகர் டோர்ஸ்ஹவனில் எஸ்தோனியாவோடு ஆட்டம். ஜெயித்தால் பிரிவில் மூன்றாம் இடம். அந்த இடத்தை இந்த நாடு கண்ணால் பார்த்ததில்லை. சமன் செய்தால் பிரயோசனம் இல்லை.

காலையிலிருந்தே காற்று. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் உடை மாற்றும் அறையில் ஹானுஸ் பெனால்டிப் பட்டியலை எழுதினார். மற்ற நாட்டுப் பட்டியலில் ஒரு கட்டம்தான் இருக்கும், அடிப்பவர் பெயருக்கு. இங்கே இரண்டு. அடிப்பவர், பிடிப்பவர். காற்று நாளில் புள்ளியில் வைத்த பந்து நிற்காது, உருண்டுகொண்டே போகும். அதனால் ஒருவன் பக்கத்தில் குப்புறப் படுத்து ஒரு விரலைப் பந்தின் மேல் வைத்துப் பிடித்துக்கொள்வான், இன்னொருவன் ஓடி வந்து அடிப்பான். வெளிநாட்டு நடுவர்கள் முதலில் முறைப்பார்கள். பந்து இரண்டு மூன்று முறை ஓடிய பிறகு சரி என்பார்கள். படுக்கிறவன் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது.

எப்போதும் அடிப்பவர் தைத்தூர், பிடிப்பவர் போல். போல் அணித்தலைவன், பின்வரிசைக்காரன், கப்பல் கதவு மாதிரி உடம்பு. இன்றைக்கு ஹானுஸ் மாற்றி எழுதினார்.

துணைப் பயிற்சியாளர் மிக்கியால் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். அவரும் ஹானுஸும் அந்தக் காலத்தில் ஒரே தொழிற்சாலை, ஒரே அணி.

“அடிக்கிறது போலா?”

“தைத்தூர் போன வாரம் கிளப்புல ஒண்ணைக் கோட்டை விட்டான்.”

“போல் பெனால்டி அடிச்சு நான் பார்த்ததே இல்லையேடா. சரி, பிடிக்கிறது ஏன் தைத்தூரு?”

“கை நீளம்.”

மிக்கியால் தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பட்டியல் மேல் வைத்தார். அந்த விரல் நடுக்கணுவில் ஒடிந்து கோணலாகக் கூடியது. அதை எடுக்காமலே பேசினார்.

“உன்னோட ஒன்பதாவது கோலு, டோஃப்டிர் ஊர்ல, மலை மேல இருக்கிற மைதானத்துல. அன்னைக்குப் பட்டியல்ல என்ன எழுதியிருந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

“யாருக்குடா அதெல்லாம் ஞாபகம்.”

“எனக்கு இருக்கு. அடிப்பவர் மிக்கியால், பிடிப்பவர் ஹானுஸ். நீதான் வந்து, ‘உனக்குக் கால் நடுங்குது, நீ படு’ன்னே. நடுங்கல. இருந்தாலும் படுத்தேன்.”

மிக்கியால் நாட்டுக்காக முப்பத்தாறு ஆட்டம் ஆடியவர். ஒரு கோல்கூட இல்லை. ஹானுஸ் பட்டியலை எடுத்துச் சுவரில் ஒட்டினார்.

“பழைய கதை பேச இப்பத்தான் நேரமா? போய் பசங்களை ஓடவிடு.”

பட்டியலைப் பார்த்த பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தைத்தூர் மட்டும் நின்று படித்துவிட்டு, “சரி கோச்,” என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

எண்பத்திரண்டாவது நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. தைத்தூர் இரண்டு முறை பந்தோடு கோல்கீப்பருக்கு எதிரே தனியாகப் போனான், இரண்டு முறையும் காற்று பந்தைத் தள்ளிக்கொண்டு போயிற்று. இரண்டு முறையும் ஹானுஸ் தலையில் கை வைத்தார், உள்ளுக்குள் நிம்மதியாக மூச்சு விட்டார். எண்பத்து மூன்றில் எஸ்தோனியாக்காரன் ஒருவன் தைத்தூரின் காலைத் தட்டி வீழ்த்தினான். நடுவர் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார்.

போல் பந்தை எடுத்துப் போய்ப் புள்ளியில் வைத்தான். உருண்டது. வைத்தான், உருண்டது. நடுவர் கையை விரித்தார், பிறகு தலையை ஆட்டினார். தைத்தூர் வந்து ஈரப் புல்லில் குப்புறப் படுத்து விரலை நீட்டினான். பட்டியல் சொன்னபடி.

போல் நான்கடி பின்னால் போனான். படுத்திருக்கிறவனைப் பார்த்தான். பிடரியைச் சொறிந்துகொண்டான். அப்புறம் திரும்பி வந்து தைத்தூரைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டுத் தான் படுத்துக்கொண்டான், அவ்வளவு பெரிய உடம்பையும் பரப்பி.

“போல்! பட்டியல்!” என்று ஹானுஸ் கத்தினார்.

அந்தக் காற்றில் அது யார் காதிலும் விழவில்லை. பக்கத்தில் நின்ற மிக்கியால் காதில் மட்டும் விழுந்தது.

தைத்தூர் ஓடி வந்தான். கோல்கீப்பர் வலப்பக்கம் பாய்ந்தான், பந்து இடப்பக்கம் போனது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பந்து கம்பத்தின் உட்பக்கம் பட்டது, கோட்டின் மேலேயே நடந்து, அடுத்த கம்பத்தில் பட்டு வெளியே வந்தது. எஸ்தோனியாக்காரன் ஒருவன் அதைக் கடல் பக்கமாக உதைத்துவிட்டான்.

ஐயாயிரம் பேர் ஒரே குரலில் முனகினார்கள். ஹானுஸ் முனகவில்லை. அவருடைய வலது கை கோட்டுப் பைக்குள் முஷ்டியாக இறுகி ஒரு குலுக்குக் குலுக்கியது. நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. ஒன்பதாவது கோல் போட்ட அன்றைக்குத் துள்ளிய அதே இடம். முழுசாக ஒரு விநாடி அந்த மைதானத்தில் எஸ்தோனியாக்காரர்களைத் தவிர சந்தோஷமாக இருந்த ஒரே மனிதர் அவர்தான், நாட்டின் பயிற்சியாளர்.

திரும்பினார். மிக்கியால் பந்தைப் பார்க்கவில்லை. ஹானுஸின் கோட்டுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் அப்படியே முடிந்தது. மூன்றாம் இடம் போயிற்று. ஹானுஸ் உள்ளே போனதும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த பட்டியலைப் பிய்த்தெடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். தைத்தூர் தலைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். போல் பக்கத்தில் உட்கார்ந்து, “நான் அடிச்சிருந்தா பந்து நோர்வேக்குப் போயிருக்கும்டா, விடு,” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நடையில் பத்திரிகைக்காரர்கள் நின்றிருந்தார்கள். புதன்கிழமைப் பக்கத்தை எழுதினவன்தான் முன்னால் நின்றான்.

“போல்தான் பந்தை வெச்சாரு. அப்புறம் ரெண்டு பேரும் மாத்திக்கிட்டாங்க. உங்க பட்டியல்ல யாரு இருந்தது? உங்க பேச்சை மீறிட்டாங்களா?”

பட்டியல் பைக்குள் விரலில் பட்டது. எடுத்துக் காட்டினால் போதும். நாளைக்குக் காலையில் நாடே பையனைக் கிழித்துத் தொங்கவிடும். சொன்ன பேச்சைக் கேட்காதவன், சாதனைக்கு ஆசைப்பட்டவன் என்று. எட்டு என்பது எண்பது ஆகும். யாரும் ஹானுஸைக் குறை சொல்ல முடியாது. எழுதினதைத்தானே காட்டுகிறார்?

மிக்கியால் பக்கத்துச் சுவரில் சாய்ந்து அந்தக் கோணல் விரலால் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். டோஃப்டிர் கதையை இருபத்தொன்பது வருஷமாக வெளியே சொல்லாதவர்.

“தைத்தூர்தான் அடிக்கணும்னு எழுதியிருந்தேன்,” என்றார் ஹானுஸ். “போல் பந்தை எடுத்துட்டு வந்து குடுத்தான். அவ்வளவுதான். கம்பத்துல பட்டுச்சு. எனக்கும் எத்தனையோ தடவை பட்டிருக்கு.”

“அப்ப தப்பு யாரோடது?”

“காத்தோடது. அதையும் எழுதிக்கோ, ஒரு கட்டம் போட்டு.”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஹானுஸ் நகர்ந்துவிட்டார். பெரிய மனசு என்று நாளைக்கு எழுதுவார்கள். சாதனை பத்திரமாகக் கையில் இருக்கும்போது மனசைப் பெரிசாக வைத்துக்கொள்வது சுலபம். அது அவருக்கே தெரியும். பந்து ஓரங்குலம் உள்ளே போயிருந்தால் இதே வாய் என்ன சொல்லியிருக்கும் என்று அவர் யோசிக்க விரும்பவில்லை.

சாமான் அறையில் மிக்கியால் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

“பேப்பரக் குடு.”

“எதுக்கு?”

“உன்னை நம்ப முடியாது. அவன் பத்தாவது கோலு போட்ட மறுநாள் எடுத்து நீட்டுவே.”

ஹானுஸுக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. அந்த யோசனை அவருக்குள்ளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பட்டியலை எடுத்துக் கொடுத்தார். மிக்கியால் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஹானுஸ் பந்துப் பை மேல் உட்கார்ந்தார்.

“நான் கையைக் குலுக்கினதைப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“பசங்ககிட்ட சொல்லுவியா?”

“சொல்லி என்ன கிடைக்கப்போவுது? நீ அன்னைக்கு டோஃப்டிர்ல அடிச்சப்ப, பந்து வெளிய போவணும்னு நானும் படுத்துக்கிட்டே வேண்டிக்கிட்டேன். உன் உதைல விரல் ஒடிஞ்சதுதான் மிச்சம்.”

வெளியே கொடிக் கம்பத்தில் கயிறு அடித்துக்கொண்டிருந்தது.

“அந்தப் பத்திரிகை ஓட்டுல நீ என்ன போட்டே?” என்று கேட்டார் ஹானுஸ்.

“கிடைக்காதுன்னு.”

“நினைச்சேன்.”

“மீசையோட ஓடுறவனுக்கு இப்ப எவன்டா இடம் குடுப்பான்.” மிக்கியால் அலமாரியிலிருந்து ஒரு வெற்றுப் பட்டியலை எடுத்து அவர் மடியில் போட்டு, பேனாவை நீட்டினார். “செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு இப்பவே எழுது. வீட்டுக்குப் போயி ரெண்டு தூக்கம் தூங்கினா உனக்குப் புத்தி மாறிடும்.”

ஹானுஸ் பேனாவை வாங்கினார். அடிப்பவர் என்ற கட்டத்தில் தைத்தூர் என்று எழுதினார். எழுதும்போது வயிறு எரியத்தான் செய்தது. எரிந்தால் எரியட்டும் என்று அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து, போல் என்று எழுதி, பேனாவை மிக்கியாலிடமே திருப்பிக் கொடுத்தார், இனிமேல் அது தன் கையில் இருக்க வேண்டாம் என்கிற மாதிரி.