அறுநூற்றுப் பதினான்காம் சீட்டு

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. அகராதிப் பிரிவின் தலைவருக்கு ‘பசை’. இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலி. நிர்வாகம் மூன்று முறை மாறியது, கட்டடமே இரண்டு முறை மாறியது; நாற்காலியும் அவரும் பிரியாமல் லாரியில் ஏறி வந்தார்கள் என்று கேலி பேசுவார்கள். அவருக்குக் கீழே உட்கார்ந்து ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதியவள் ‘சீட்டக்கா’. ஒரு சொல்லுக்கோ ஒரு சொற்கூட்டத்துக்கோ ஒரு அட்டைச் சீட்டு. கையில் சீட்டில்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

சீட்டின் வலது கீழ்மூலையில் எழுதியவர் பெயரைப் போடுவது அந்தத் தொழிலின் வழக்கம். பசை வந்ததுமே அந்த மூலையைக் காலியாக விடச் சொல்லிவிட்டார். பெயர் போட்டால் இடம் வீணாகிறதாம். அவருடைய சிக்கனத்தின் லட்சணம் அவளுக்கு உறைக்கச் சில வருடம் பிடித்தது. அவள் தொகுத்த மரபுத்தொடர்க் கையேடு அச்சாகி வந்தபோது அட்டையில் அவர் பெயர் இருந்தது. நன்றி சொல்லும் பக்கத்தில் பைண்டு போட்டவர் பெயர்கூட இருந்தது. அவள் பெயர் எங்குமே இல்லை.

நேரே போய்க் கேட்டாள். பசை சிரித்தார்.

“சொல்லுக்கு ஏதும்மா சொந்தக்காரன்? டிக்‌ஷனரில இருக்கறது எல்லாருக்கும் பொதுதானே. இந்த வார்த்தை என்னுதுன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?”

முடியாதுதான். தன் மேசைக்குத் திரும்பினாள். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்தச் சிரிப்பு ஆறவில்லை.

அவள் கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து உள்ளே இருந்த மெஷினில் ஊசியால் சின்னதாக ஒரு கீறல் போட்டார். எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் பார்த்துவிட்டாள்.

“எதுக்குங்க நல்ல பொருளைக் கீறுறீங்க?”

“நாளைக்கு எவனாவது வேற மெஷினை மாத்திப் போட்டுட்டு, நீதான் கெடுத்தேன்னு வந்து நிப்பான். உள்ள என் கீறல் இருந்தா நான் பார்த்த வேலை. இல்லைன்னா, நடையைக் கட்டுடான்னு அனுப்பிடலாம்.”

அவள் கை அப்படியே நின்றது. சொற்கள் எல்லோருக்கும் பொது என்றுதானே பசை சொன்னார்? சரி. எவருக்குமே சொந்தமில்லாத, உலகத்திலேயே இல்லாத ஒரு சொல்லை உள்ளே வைத்தால்?

அப்போது அவள் கையில் இருந்தது பெரிய வேலை: ஒரு பொருள் தரும் ஆங்கிலச் சொற்களையெல்லாம் கூட்டம் கூட்டமாகப் பிரித்துத் தமிழில் விளக்கும் அகராதி. மறுநாள் எழுத வேண்டியது அறுநூற்றுப் பதினான்காம் சீட்டு. நெடுங்காலமாக ஊன்றி, அசைக்க முடியாமல் இருப்பதைச் சொல்லும் சொற்கள்.

எஸ்டாப்ளிஷ்ட்: மரியாதையான சொல், தலைமுறையாக நாணயமாக நடக்கும் கடைக்குச் சொல்லலாம். லாங் ஸ்டாண்டிங்: நட்புக்கும் ஆகும், பகைக்கும் ஆகும். இன்கிரெய்ன்ட்: துணியில் கறை ஊறுவதுபோல ஆளுக்குள் ஊறிய பழக்கம். இன்வெட்டரேட்: திருந்தவே திருந்தாத பொய்யனுக்கு. என்ட்ரெஞ்ச்ட்: பள்ளம் தோண்டி இறங்கி உட்கார்ந்துகொண்டு, எவன் வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிற அதிகாரத்துக்கு. இந்தக் கடைசிச் சொல்லுக்குப் பொருள் எழுத அவள் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், போதுமாயிருந்தது.

ஆறாவதாக, ‘ஸ்டெல்வர்ன்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து, பொருளுக்கு ‘மேற்படி’ என்று மட்டும் போட்டாள். காலையில் பல் தேய்க்கும்போது அவளே செய்த சொல். விஷயத்தை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தன் பெயருக்கே பதிவுத்தபாலில் அனுப்பினாள். இரண்டு நாளில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததைப் பிரிக்காமல் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தாள்.

ஏழு வருடம் அது அங்கேயே கிடந்தது. தினமும் பசைக்கு வணக்கம் சொன்னாள். அவர் பேத்தி பிறந்ததற்கு வாழ்த்துச் சொன்னாள். புடவை எடுக்கப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அகராதி வந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து, தொகுத்தவர் பசை. பிழை திருத்தியவர்கள் தமிழோடு நின்றுகொண்டார்கள். ஆங்கிலம் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. தலைவர் எதைப் பார்த்தார்! ஆறு சொல்லும் ஆடாமல் அசையாமல் அச்சில் இருந்தன. அவள் புகார் கொடுத்தபோது சீட்டுப் பெட்டிகளெல்லாம் ஏற்கெனவே பழைய பேப்பருக்குப் போயிருந்தன. இடம் அடைக்கிறதாம். விசாரணைக்கு ஓய்வுபெற்ற நீதிபதியம்மா ஒருவரை நிர்வாகம் வரவழைத்தது. புகார் பொய் என்று முடிவானால் சீட்டக்காவுக்கு வேலை போகும். பெயரும் போகும்.

காலை பத்து மணிக்கு விசாரணை.

“எல்லாம் நான் எழுதினதுங்க. இந்தம்மா காப்பி எடுத்துக் கொடுப்பாங்க, அவ்வளவுதான்,” என்றார் பசை, கால் மேல் கால் போட்டு.

“நீங்க எழுதினதுக்கு என்னம்மா அத்தாட்சி?” என்று நீதிபதியம்மா கேட்டார்.

“சார் எழுதினதுன்னா சாருக்குத் தெரியணும் இல்லைங்களா? அறுநூத்திப் பதினாலாவது பகுதியில இருக்கற ஆறு வார்த்தையைக் கொஞ்சம் விளக்கச் சொல்லுங்க.”

பசைக்கு ஒரு குணம். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது. அதை நம்பித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் புத்தகத்தைத் திறந்து ஐந்து சொற்களுக்கு அங்கே இருந்ததையே ஏற்ற இறக்கத்தோடு படித்தார். ஆறாவதில் வெறும் ‘மேற்படி’தான் இருந்தது; அரை நொடி நின்றார். ‘இது நான் எழுதினதில்லை, காப்பி எடுக்கும்போது இந்தம்மா சேர்த்திருக்கணும்’ என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்.

“ஸ்டெல்வர்ன்! இது கப்பல்காரங்க வார்த்தைங்க, ரொம்பப் பழசு. நங்கூரம் போட்டு வருஷக்கணக்கா ஒரே துறைமுகத்துல நிக்கற கப்பலைச் சொல்வாங்க. நான் காலேஜ் படிக்கும்போதே எங்க புரொபசர் சொல்லிக்கொடுத்தது. இதெல்லாம் இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?”

சீட்டக்கா எழுந்து உறையை நீட்டினாள். நீதிபதியம்மா தபால் முத்திரையின் தேதியை இரண்டு முறை பார்த்தார். உறை ஒட்டியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பிரித்தார். உரக்கப் படித்தார்.

“‘ஸ்டெல்வர்ன் என்று ஆங்கிலத்தில் எந்தச் சொல்லும் கிடையாது. இதை இன்று நான் செய்தேன். இது யாருடைய புத்தகத்தில் வருகிறதோ, அவர் என் சீட்டுகளைத் திருடியவர்.’”

பசையின் கால் கீழே இறங்கியது. இந்த நேரத்தில் தனக்கு இரக்கம் வந்து தொலைக்குமோ என்று ஏழு வருடமாக அவளுக்கு ஒரு பயம் இருந்தது. வரவில்லை. வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அவரை அனுப்பிவிட்டார்கள். நாற்காலி மட்டும் தங்கிவிட்டது. இரண்டாம் பதிப்பு அவள் பெயரில் வந்தது. அதில் ஐந்து சொற்கள்தான். நீக்கிய ஆறாவதற்கு அவள் புதிதாக ஒரு சீட்டு எழுதினாள். கப்பல், நங்கூரம், துறைமுகம், புரொபசர் என்று அவர் சொன்ன விளக்கத்தை ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். இத்தனை காலம் காலியாகக் கிடந்த வலது கீழ்மூலையில் அவர் பெயரைப் போட்டாள். பின்பக்கம் ஒரே ஒரு வரி: “இது மட்டும் உங்களுடையது.”

பதிவுத்தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினாள். நான்காம் நாள் அட்டை திரும்பி வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று பசை கையெழுத்துப் போட்டிருந்தார்.