அம்மா சொல்லும் ‘ங்க’

இந்தப் போன் வண்டியோடு சேராமலே போய்விட்டால்கூடப் பரவாயில்லை என்று நினைக்கிறேனா? அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி. இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் உள்ளே இருக்கிறது. இட்லியா தோசையா என்றால் சரி. போகலாமா இருக்கலாமா என்றால் சரி.

சோபனா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது. தர்மபுரி பைபாஸ் ஓரம், கார்களுக்கு சீட் கவரும் ஹாரனும் ஸ்பீக்கரும் போட்டுத்தரும் கடையின் முன்னால் வண்டி நின்றது. கடைக்காரர் மாது பக்கத்து இருக்கையில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, போன வாரம் பொருத்தியிருந்த தொடுதிரை செட்டை நோண்டிக்கொண்டிருந்தார். அவளுடைய கணவன் கதிரவன் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு நின்றான்.

கதிரவனின் போன் முதல் தடவையிலேயே சேர்ந்துவிட்டது. அவளுடையதுதான் சேரவில்லை. திரையில் அவள் போனின் பெயர் வரும். ஒரு சின்ன வட்டம் சுற்றும். பிறகு இணைக்க முடியவில்லை என்று எழுதிக்காட்டிவிட்டு அடங்கிவிடும். மாது போனில் புளூடூத்தை நிறுத்திப் போட்டார். வண்டியை அணைத்துப் போட்டார். போனையே அணைத்துப் போடச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வட்டம் சுற்றி அடங்கியது.

“சாரோட போன் பாருங்க மேடம், கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து குந்திக்குது. உங்களுது திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குதுங்க” என்றார்.

“வூட்லயும் அப்படித்தாங்க” என்றான் கதிரவன்.

மாது சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சோபனாவும் சிரித்தாள்.

போன் மறுபடி உயிர் பெற்று வருவதற்குள் மாது வேறொரு கடைக்காரரைக் கூப்பிட்டு யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். கதிரவன் டீ சொல்லப் போனான். இந்த வேலை எல்லாம் தனக்காகத்தான் நடக்கிறது என்பதை சோபனா யாருடைய விஷயத்தையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் அவள் மருந்தாளுநர். தினமும் காலையில் காரை ஓட்டிக்கொண்டு தனியாகப் போகிறாள். வழியில் ஆளில்லாத ஒரு இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திப் போன் பேசுகிறாள். அதைக் கதிரவனின் சிநேகிதர் ஒருவர் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தார். கதிரவன் கோபப்படவில்லை. யாரிடம் பேசுகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அவள் அம்மாவிடம்தான் என்று அவனுக்குத் தெரியும். அந்த இடம் நல்ல இடமில்லை, லாரிகள் ஒட்டி ஒட்டிப் போகும், இனிமேல் நிறுத்தவே வேண்டாம், ஓட்டிக்கொண்டே பேசுகிற மாதிரி செய்துதருகிறேன் என்றான். சரி என்றாள்.

அவளுடைய அம்மா ராமக்கா சித்தேரி மலையில் இருக்கிறாள். வீட்டில் சிக்னல் கிடையாது. காலையில் பஸ் கிளம்புகிற மேட்டுக்கு வந்து நின்றுதான் கூப்பிடுவாள். அப்போது சோபனா பாதி வழியில் இருப்பாள்.

சாயங்காலம் அம்மா மறுபடி மேட்டுக்கு வந்தால் வீட்டில் வைத்துப் பேசலாம்தான். ஆனால் கதிரவன் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர். யாருக்கு வந்தாலும் கூடத்து மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து பேசுவார்கள். இதில் ஒளிவுமறைவும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. கதிரவனின் பெரியப்பா கூப்பிட்டாலும் அப்படித்தான், கேஸ் கம்பெனியில் இருந்து வந்தாலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் ராமக்காவுக்கு இது தெரியாது. ஒருநாள், “உங்க மாமியா டிவி பொட்டிய வுட்டு இன்னும் எந்திரிக்கலியாடி?” என்று கேட்டுவிட்டாள். மாமியார் ராஜாமணி அப்போது டிவி முன்னால்தான் இருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்சமும் வருத்தப்படவில்லை. ஆனால் அதற்கப்புறம் ராமக்கா எப்போது கூப்பிட்டாலும், “இன்னும் எந்திரிக்கலீங்க சம்பந்தி, இங்கயேதான் இருக்கறேன்” என்று தூரத்தில் இருந்தே குரல் கொடுப்பாள். கூடமே சிரிக்கும்.

அன்றிலிருந்து அம்மாவின் பேச்சு மாறிப்போனது. அலோ என்றதும் ஒரு கணம் நின்று காது கொடுப்பாள். சத்தம் கூடத்துக்குள் விழுந்து எதிரொலிப்பது தெரிந்தால், பெற்ற மகளிடமே ‘ங்க’ போட்டுப் பேசுவாள். சாப்பிட்டீங்களா. மாப்ள நல்லாருக்காருங்களா. இங்க எல்லாம் நல்லாருக்குதுங்க. யார் கேட்டாலும் குற்றம் சொல்ல முடியாத பேச்சு. மலையில் இருந்து கீழே பெண்ணைக் கொடுத்தவள், கீழே இருப்பவர்களின் வீட்டுக்குள் தன் குரல் நுழையும்போது அதைக் குளிப்பாட்டித் துடைத்து அனுப்பினாள்.

போன ஐப்பசியில் அப்பா இறந்த செய்தியும் அப்படித்தான் வந்தது. சோபனா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் மாவு. கதிரவன்தான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தான். அம்மா வழக்கம்போல் ஒரு கணம் நின்றாள். பிறகு, “எல்லாரும் சாப்ட்டாச்சுங்களா?” என்றாள். பிறகு சொன்னாள்:

“உங்க அப்பா தவறிட்டாருங்க.”

சோபனா கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப்போட்டாள். அது வெந்ததும் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். கதிரவன் அவள் தோளைப் பிடித்தான். ராஜாமணி அழுதாள். சோபனாவுக்கு அந்தக் கடைசி ஒலி மட்டும் காதில் நின்றது. யாரோ ஒரு அதிகாரிக்குத் தகவல் சொல்வதுபோல் இருந்தது. மலைக்குப் போனபோது வாசல் நிறைய ஜனம். அம்மா பெண்களுக்கு நடுவில் இருந்தாள். சடங்கு முடிந்து இறங்கும்வரை இருவரும் தனியாக ஒரு சொல் பேசவில்லை. சோபனா அழவும் இல்லை. இன்றுவரை அழவில்லை. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை; மரத்துப்போன காலைப் பார்க்கிற மாதிரிதான் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள்.

அதற்கப்புறம்தான் சாலையோரத்தில் நிறுத்த ஆரம்பித்தாள். போனைக் காதோடு ஒட்டி வைத்தால், அம்மா ஒரு கணம் காது கொடுத்துப் பார்த்துவிட்டு, “என்னடி” என்பாள். அதற்குமேல் பெரிதாக ஒன்றுமில்லை. காட்டுப்பன்றி சாமையை உழப்பிவிட்டது என்பாள். கடுக்காய் பொறுக்கப் போனேன் என்பாள். ஒருநாள், “உங்கப்பன் துண்டு இன்னம் கொடியிலயே கெடக்குதுடி. வெயில்ல வெளுத்துப்போச்சு. எடுக்க கை வரமாட்டேங்குது” என்றாள். சோபனா ம் என்றாள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நிமிஷங்களில் மரத்த இடத்தில் ஊசி குத்துகிற மாதிரி ஏதோ ஒன்று லேசாக நடந்தது. வண்டியை எடுத்ததும் போய்விடும். மறுநாள் மறுபடி வரும்.

மாது போனைக் காதிலிருந்து எடுத்தார். விஷயம் இதுதான் என்றார். போன வாரம் கதிரவன் வீட்டில் தானே சேர்க்கப் பார்த்துப் பாதியில் விட்டிருக்கிறான்; செட்டு அவள் போனை ஞாபகம் வைத்திருக்கிறது, போன் செட்டை மறந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் ஞாபகம் இருந்தால் சேராதாம். இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். அழித்தார். புதிதாக ஆரம்பித்தார். வட்டம் சுற்றியது, நின்றது, சேர்ந்துவிட்டது.

யாருக்காவது போட்டுப் பாருங்கள் என்றார். அம்மாவுக்குப் போடு என்றான் கதிரவன். போட்டாள்; ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டில் இருப்பாள், கிடைக்கவில்லை. கதிரவனே ராஜாமணிக்குப் போடச் சொன்னான். நான்கு கதவு ஸ்பீக்கரிலிருந்தும் மாமியாரின் குரல் வந்தது. யாரு, சோபனாவா, நம்ம கூடத்துல நின்னு பேசற மாதிரியே இருக்குது கண்ணு என்றாள். கதிரவன் முகம் மலர்ந்தது. அவன் நல்லவன். அதுவும் சோபனாவுக்குத் தெரிந்தது, தூரத்தில் எரிகிற விளக்கு தெரிகிற மாதிரி.

மறுநாள் காலை அவள் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினாள். பாதி வழியில் வண்டி முழுக்க மணி அடித்தது. திரையில் அம்மா என்று வந்தது. ஸ்டீரிங்கில் இருந்த பொத்தானை அழுத்தினாள்.

“அலோ” என்றாள் ராமக்கா. ஒரு கணம் நின்றாள். “சொல்லுங்க.”

“அம்மா, நான்தான். தனியாத்தான் போறேன்.”

“சரிங்க. மாப்ள நல்லாருக்காருங்களா?”

“யாரும் இல்லம்மா. கார்ல நான் மட்டுந்தான் இருக்கறேன்.”

அம்மா நம்பவில்லை என்பது அந்த இடைவெளியிலேயே தெரிந்தது. மலைக் காற்று நான்கு ஸ்பீக்கரிலும் இரைந்தது. “சத்தம் பெரிசா திரும்பி வருதுங்க, மைக்ல பேசறாப்ல. வேலையா இருப்பீங்க. இங்க எல்லாம் நல்லாருக்குதுங்க. வெச்சர்றேன்.”

சோபனா அவசரமாக ஓரம் கட்டினாள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. திரையில் கைக்கு வந்ததை எல்லாம் தட்டி, கடைசியில் போனிலேயே புளூடூத்தை நிறுத்திவிட்டு, காதில் வைத்து அம்மாவைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொன்னாள். மேட்டை விட்டு இறங்கியிருப்பாள். சோபனாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஏதோ ஒன்று தன்னிடமிருந்து எடுக்கப்படுகிறது என்பது மட்டும், பல மாதங்களில் முதல் தடவையாக, கூர்மையாகத் தெரிந்தது. நாளைக்கும் இப்படித்தான். நாளை மறுநாளும். அம்மா மெல்ல மெல்ல எல்லாம் நல்லாருக்குதுங்க என்பதற்குமேல் எதுவும் சொல்லாதவளாகிவிடுவாள். வெளுத்துப்போன துண்டை ஒருநாள் எடுத்துவிடுவாள். அது தனக்குத் தெரியாமலே போகும்.

மத்தியானம், மருந்து வாங்குபவர்களின் வரிசை தீர்ந்த பிறகு, காருக்குப் போய் இரண்டு பக்கமும் அழித்தாள். செட்டில் தன் போனை, போனில் செட்டை. மாது செய்ததைப் பார்த்திருந்ததால் எளிதாக இருந்தது.

சாயங்காலம் கதிரவன் வண்டியைத் துடைக்கப் போனவன் உள்ளிருந்தே கூப்பிட்டான். அவள் போன் பட்டியலிலேயே இல்லை என்றான். செட்டில்தான் கோளாறு இருக்கும், மாதுவைக் கேட்கிறேன், அதற்கு முன்னால் நாமே ஒருதடவை பார்ப்போம் என்றான். அவளை உட்காரச் சொல்லி, அவள் போனை வாங்கி, பொறுமையாக ஒவ்வொன்றாகச் செய்தான். ராஜாமணி வாசல் கேட்டுக்கு வந்து நின்று, மறுபடியும் ஊடல் போலிருக்குது என்றாள். வண்டிக்கும் போனுக்குமா, உங்களுக்குள்ளயா என்றும் கேட்டுவைத்தாள்.

திரையில் ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. போனிலும் அதே எண். கதிரவன் இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுப் போனை அவளிடம் நீட்டினான்.

“ரெண்டும் ஒண்ணுதான். இணைன்னு இருக்குது பாரு, அதை அமுத்து.”

சோபனா போனை வாங்கிக்கொண்டாள். அமுத்தவில்லை.

“நான்தான் அழிச்சேன்” என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான். தெரியாமல் கை பட்டுவிட்டதா என்று கேட்டான். இல்லை என்றாள். எங்கம்மாவுக்கு அந்தச் சத்தம் சரிப்படவில்லை என்றாள். மீதியைச் சொல்ல வாயெடுத்தாள். ஒரு ‘டி’க்காக என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் சிரிக்கமாட்டான். அம்மாவைக் கூப்பிட்டு, தாராளமா டி போட்டே பேசுங்க அத்தை என்று ஸ்பீக்கரில் சொல்வான். உண்மையான அன்போடு சொல்வான்.

“கொஞ்ச நாள்ல பழகிக்குவாங்க சோபனா. எங்க வூட்டு ஸ்பீக்கர் பழகலியா?” என்றான்.

“பழகிட்டாங்க” என்றாள்.

ரோட்டோரத்தில் நிற்பது ஆபத்து என்பதை மறுபடியும் சொன்னான்; அவன் குரலில் பயம் இருந்தது. இனிமேல் பெட்ரோல் பங்குக்குள்ளே போய் நிறுத்திக்கொள்கிறேன், அங்கே ஆட்கள் இருப்பார்கள் என்றாள். வாங்கிப் போட்டது வீணாகிவிடுமே, இதையாவது அமுத்து, பிடிக்கவில்லை என்றால் அப்புறம் பார்க்கலாம் என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டான்.

எதைக் கேட்டாலும் வருகிற அந்தச் சரி, நாக்கின் நுனிவரை வந்தது. அவள் அதை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

“வேண்டாங்க” என்றாள்.