எல்பியோவின் கடைசித் திருத்தம்

எல்பியோ இறந்து பதினைந்து மணி நேரம் ஆகியிருந்தது. அவருடைய வலைப்பக்கத்தில் எழுத்துகள் இன்னும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடந்தன.

மகள் லூசிலா ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். எதிர் நாற்காலியில் அத்தை மகன் ராமிரோ அதே பக்கத்தைத் தன் ஃபோனில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான். நேற்று எல்லாருக்கும் செய்தி அனுப்பியவன் அவன்தான். துக்க மண்டபத்தின் முகவரி, நண்பகலில் அடக்கம், அதற்குக் கீழே மாமாவின் பிளாக் லிங்க். நல்ல எண்ணத்தோடு செய்தது. ஆனால் இப்போது வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்த லிங்க்கைத் திறந்து பார்த்துவிட்டு, முகம் மாறி உள்ளே வந்தார்கள்.

"என் ஃபோன்தான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்" என்றாள் கீழ்வீட்டுப் பெண்.

"எல்லார் ஃபோன்லயும் அப்படித்தான் இருக்கு" என்றான் ராமிரோ. "கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தா ஒருவேளை தெரியும்."

யாரோ மூக்கால் சிரித்து அடக்கினார்கள். பெட்டி திறந்திருந்தது. எல்பியோவுக்கு யாரோ தலையை வலப்பக்கம் வாரியிருந்தார்கள். அவர் இடப்பக்கம் வாருவார்.

"சிரிக்காதீங்கடா" என்றாள் சுல்மா அத்தை. எல்பியோவுக்கு மூத்தவள். காலையிலிருந்து பெட்டியின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. "தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னார்ல. அப்பவே புத்தி கலங்கியிருக்கும். என்ன பண்றோம்னே தெரியாம உக்காந்து எதையோ தட்டியிருக்கான், பாவம். பாத்தாலே தெரியலையா?"

அப்பா தெளிவாகத்தான் இருந்தார். லூசிலா இதைச் சொல்ல வாயைத் திறந்து, அறையில் இருபது பேர் இருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டாள். நேற்று மாலை அவரோடு ஃபோனில் பேசியிருந்தாள். காற்று தெற்கிலிருந்து வீசுகிறது என்றார். ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். குரலில் ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. ஆனால் அதற்குச் சாட்சி அவள் ஒருத்திதான். அந்தப் பக்கமோ எல்லார் கையிலும் இருந்தது. இன்றைக்கு மண்ணுக்குள் போகிற மனிதரை இந்த ஊர் இப்படித்தான் வைத்துக்கொள்ளப் போகிறது: கடைசியில் புத்தி கலங்கிப் போனவர்.

"பேசாம அந்தப் பேஜயே மூடிடலாமா?" என்றான் ராமிரோ. "லிங்க்க அழிச்சிடறேன்."

"அழி. போற நேரத்துல மானம் போகுது" என்றாள் சுல்மா.

"வேண்டாம்." தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று லூசிலா எதிர்பார்க்கவில்லை. "அடக்கத்துக்குள்ள நான் சரி பண்றேன்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பின்வரிசையில், ஹீட்டர் பக்கத்தில், அவள் அம்மா மிர்னா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் பிரிந்து பன்னிரண்டு வருடம். காலையில் வந்தபோது சுல்மாவின் முகத்துக்கு நேரே பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்து போனாள் என்று அத்தை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருந்தாள்.

காப்பி வைக்கிற சின்ன அறையில் ஹசிந்தோ இருந்தார், பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அப்பாவோடு தினமும் காலையில் அலைத்தடுப்புச் சுவரில் தூண்டில் போடுகிறவர். சுரைக் குடுவையில் இருந்த மாத்தே இலைமேல் வெந்நீர் ஊற்றி அவள் முன்னால் நீட்டினார். அவள் உறிஞ்சித் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒல்லியோட கம்ப்யூட்டரா அது?" அவள் பையிலிருந்து எடுத்த லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டார். அப்பாவை அவர் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்.

"ம். நேத்து சூட் எடுக்கப் போனப்ப கொண்டுவந்தேன். திறந்தபடியேதான் இருந்துச்சு."

"இந்தச் சனியனால எத்தன கொர்வினா மீன் போச்சு தெரியுமா? தூண்டில் வளைஞ்சு தண்ணிக்குள்ள போகும். இவன் ஃபோன வெயில்ல நீட்டிக்கிட்டு, ஹசிந்தோ, இது எட்டா மூணான்னு கேப்பான். எட்டுடா, மீனப் பாருடான்னு கத்துவேன். சரி, நல்ல ஃபான்ட்டுதான்னு தலையாட்டிக்குவான்."

லூசிலா சிரித்துவிட்டாள். பதினைந்து மணி நேரத்தில் முதல் முறை.

எல்பியோ தண்ணீர் மீட்டர் அளவெடுக்கிற வேலையில் முப்பது வருடம் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு தினமும் ஒரு பத்தி எழுதினார். அன்று காலை சுவரிலிருந்து கண்ணில் பட்டது, அவ்வளவுதான். தண்ணீரின் நிறம், வந்த கப்பல், யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் படித்தார்கள். எழுத அரைமணி நேரம் என்றால், எழுதியதை ஒழுங்குபடுத்த மூன்று மணி நேரம். கடந்த இரண்டு வருடத்தில் அது முற்றிப்போனது. வெள்ளைப் பின்னணியை வைக்கோல் நிறமாக்கினார். சாய்ந்த எழுத்துகளை எல்லாம் நிமிர்த்தினார். பத்தியை ஒடுக்கினார். ஒவ்வொரு பத்திக்கும் இடது ஓரத்தில் தடித்த கறுப்புக் கோடு ஒன்றை மேலிருந்து கீழே இறக்கினார். இரங்கல் அட்டை மாதிரி இருக்கிறது என்று ராமிரோ ஒரு பிறந்தநாள் விருந்தில் சொன்னான். அவர் கோபப்படவில்லை. கோட்டின் தடிமன் போதுமா என்று அவனிடமே கேட்டார்.

அவள் லேப்டாப்பில் கோப்பைத் திறந்தாள். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற கட்டளைகள் எல்லாம் அதில்தான். பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. அவள் வேலை பார்க்கிற மண் பரிசோதனைக் கூடத்து அலமாரிகளைவிட ஒழுங்காக இருந்தது. முதலில் பின்னணி, பிறகு எழுத்து, பிறகு ஓரம். தேவையில்லாத ஒரு வரி இல்லை. கேள்விக்கு முன்னால் போடுகிற தலைகீழ்க் கேள்விக்குறி சில ஃபான்ட்டுகளில் வரிக்குக் கீழே தொங்கும். அதற்காக மட்டும் ஃபான்ட்டை மாற்றியிருந்தார். ஒன்றும் ஏழும் குழம்பாமல் இருக்க எண்களுக்குத் தனியாக ஒன்று. மலிவான ஃபோனிலும் சட்டென்று திறக்க வேண்டும் என்று படங்களை எடுத்துவிட்டிருந்தார். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்றை மாற்றுவது, வெயிலில் பார்ப்பது, நிழலில் பார்ப்பது, பிறகு அடுத்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதம் அவளுக்குச் சொல்லித் தந்ததும், அவள் இன்றுவரை பொறுமையில்லாமல் மீறுவதும் அதைத்தான்.

நேற்று மாற்றியவை கடைசியில் இருந்தன. எழுத்தின் அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அதற்கு அடுத்து, வரிகளுக்கு இடையே எவ்வளவு இடம் என்ற கட்டளை.

ஒன்று, காற்புள்ளி, ஆறு.

அவள் திரும்பப் படித்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன பொண்ணே?"

"அப்பா தசமத்துக்குக் காற்புள்ளி போட்டிருக்கார்."

"வேற என்ன போடுவாங்க?"

"கையால எழுதறப்ப இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடுவோம். கம்ப்யூட்டருக்குப் புள்ளி வேணும். காற்புள்ளி போட்டா அந்தக் கட்டளையே செல்லாது. மேல ஒரு பழைய அளவு இருக்கு, சின்ன எழுத்துக்கு வச்சது. அதையே எடுத்துக்கிச்சு. எழுத்து மட்டும் பெருசாச்சு, இடம் பெருசாகல."

"அப்ப புத்தி கலங்கல?"

"எங்க லேபுல வாரத்துக்கு ஒருத்தராவது இதப் பண்றாங்க. நான் போன செவ்வாக்கிழம பண்ணினேன்."

முப்பது வருடம், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து, மீட்டர் அளவைக் காற்புள்ளியோடு எழுதிய கை. ஹசிந்தோ இன்னொரு மாத்தே ஊற்றினார். இந்த முறை தானே குடித்தார்.

அவள் காற்புள்ளியை அழித்துப் புள்ளி வைத்தாள். வேறு எதையும் தொடவில்லை. சேமித்துவிட்டுத் தன் ஃபோனில் பக்கத்தைத் திறந்தாள்.

வரிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நின்றன. வைக்கோல் நிறத்தில் கறுப்பு எழுத்துகள், பெரிதாக, அசையாமல். நேற்றைய பத்தி அவள் கண்ணுக்கு இப்போதுதான் கிடைத்தது.

"காற்று தெற்கிலிருந்து. தண்ணீர் பாலில்லாத காப்பி நிறம். சுவரின் கடைசிக் கல்லில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது, கடையில் சட்டையை மேலே வைத்து அளவு பார்க்கிற ஆள் மாதிரி. ஹசிந்தோ பச்சைக் குல்லாய் போட்டிருந்தான். அவனுக்கு அது நன்றாக இல்லை."

அவள் ஃபோனை ஹசிந்தோவிடம் நீட்டினாள். அவர் படித்தார். கண்ணாடியைத் தேடவில்லை, கையை நீட்டி எட்ட வைத்தே படித்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பிளாஸ்கின் மூடியை நெடுநேரம் திருகிக்கொண்டிருந்தார்.

அவள் உள்ளே போனபோது மண்டபத்து ஊழியர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூசிலா நேராகப் பெட்டியின் தலைமாட்டுக்குப் போய் அத்தையிடம் ஃபோனைக் கொடுத்தாள்.

"அப்பாவுக்குப் புத்தி கலங்கல அத்தை. ஒரு காற்புள்ளி. அவ்ளோதான். மத்த எல்லாம் சரியா இருக்கு. எல்லாருமே திறந்து பாருங்க."

ஃபோன்கள் வெளியே வந்தன. கீழ்வீட்டுப் பெண் வாயை அசைத்துப் படித்தாள். "அட, குல்லாய்" என்று யாரோ சொன்னார்கள். ராமிரோ வெகுநேரம் நிமிரவில்லை.

"மாமா நல்லா எழுதுவார்ல" என்றான். "நான் படிச்சதே இல்ல."

"படிக்க முடியுது, சரி" என்றாள் சுல்மா. ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் தம்பி தெளிவாகப் போயிருக்க வேண்டும் என்றுதான் ஆசை. அதனாலேயே விடமாட்டாள். "ஆனா இது என்னடி இவ்ளோ பெருசு? ஒரு வரிக்கு மூணு வார்த்த. கசாப்புக் கடைப் பலகை மாதிரி. ஓரத்துல இந்தக் கறுப்புக் கோடு வேற. தெளிவா இருக்கிறவன் இப்படியா வைப்பான்? அதுவும் காற்புள்ளியா?"

எழுத்தின் அளவு தவறி விழுந்த எண் அல்ல, அது மட்டும் லூசிலாவுக்குத் தெரியும். அவர் எதையும் அப்படிச் செய்கிறவர் அல்ல. ஆனால் ஏன் என்று தெரியவில்லை. ஏன் என்று தெரியாத ஒன்றை அவளால் இத்தனை பேர் முன்னால் நிறுவ முடியாது.

"சொல்லு" என்றாள் அத்தை, இப்போது மெதுவாக. "எதுக்கு வச்சான்?"

"நான் கேட்டேன்."

பின்வரிசையிலிருந்து வந்த குரல். எல்லாரும் திரும்பினார்கள். மிர்னா கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீயா?" என்றாள் சுல்மா. "நீங்கதான் பேசிக்கறதே இல்லையே."

"போன வாரம் ஃபோன் பண்ணி, இன்னும் பெருசு வேணும் எல்பியோன்னு சொன்னேன். வரி வரியோட ஒட்டாமப் பாத்துக்கன்னும் சொன்னேன். கோடும் நான் கேட்டதுதான்."

"உனக்கு எதுக்குடி அது?"

ஊழியர் தொண்டையைச் செருமினார். நேரமாகிவிட்டது என்று அர்த்தம். பெட்டியின் மூடி சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ராமிரோ எழுந்து அதன் பக்கம் போனான்.

"ஒரு நிமிஷம் இரு ராமிரோ" என்றாள் மிர்னா.

எழுந்தாள். நாற்காலிகளின் முதுகைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்தாள். லூசிலா கையை நீட்டினாள். அம்மா அதைக் கவனிக்காமல் கடந்து, பெட்டியின் விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டதும் நின்றாள். எதிரே சுல்மா. பிரிந்துபோனவள் என்ற அவளுடைய பரிதாபத்திலிருந்து தப்பிக்க மிர்னா இந்த ஊரில் பன்னிரண்டு வருடமாகத் தெரு மாறி நடந்திருக்கிறாள்.

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு, சுல்மா" என்றாள். "ரெண்டு வருஷமாச்சு. ஓரம் தெரியும், நேரா இருக்கறது எதுவும் தெரியாது. அந்தக் கோட்ட வச்சுத்தான் வரி எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிப்பேன். அவனுக்கு மட்டுந்தான் தெரியும்."

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். பிறகு, எல்பியோவின் முகத்தைப் பார்ப்பதற்காக, தன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.