மலை ஓடினால் கரை எங்கே

வெஸால் இறந்து ஆறு வாரமாகிறது. இஸ்ஃபஹான் நகர மதரசாவில் ஒன்பது வருடம் அவனும் நானும் விவாதக் கூட்டாளிகள். முந்தைய நாள் பாடத்தை ஒருவன் ஆசிரியர் பக்கம் நின்று தாங்குவான்; மற்றவன் உடைப்பான். மறுநாள் முறை மாறும். அரைமனதாக உடைப்பது எங்களுக்குள் துரோகம்.

அந்த வருடங்களில் ஒரு வசந்தத்தில் எங்கள் ஆசிரியர் மிர்சா ரவூஃபி, அசையாமல் தெரியும் மலைகள் மேகம்போல் கடந்து போவதாகச் சொல்லும் குர்ஆன் வசனத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அது மறுமை நாளை மட்டும் குறிக்கவில்லை, இந்தக் கணமும் எல்லாப் பொருளும் உள்ளுக்குள்ளேயே மாறி ஓடுகிறது என்றார். வேதத்தில் தத்துவத்தைத் திணிக்கிறார் என்று ஊரில் புகார். மதரசாவின் அறங்காவலரான கம்பள வியாபாரி ஹாஜி ஃபத்ஹுல்லா, வகுப்பை மூடிவிடும் முடிவோடு ஒரு காலையில் வந்தார்.

குளத்தோரம் நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தோம். அன்று உடைக்கும் முறை வெஸாலுடையது.

“மலை ஓடுதாம்ல. முதல்ல உன் மூளை ஓடிப்போகாமப் புடிச்சு வையிடா.”

எங்கள் முறை தெரியாத ஹாஜிக்கு முகம் மலர்ந்தது.

“நீதான் தம்பி ஆளு. வா, இத உங்க மிர்சாகிட்டயே கேளு. அவரு பதில் சொல்லாட்டி இன்னியோட வகுப்புக்குப் பூட்டு.”

வெஸால் என்னைப் பார்த்தான். அவனுக்கு அந்த வகுப்புதான் உயிர். ஆனால் தளர்த்திக் கேட்க அவனுக்கு வராது என்பதும் எனக்குத் தெரியும். மூவரும் வகுப்புக்குள் போனோம்; ஹாஜி உட்கார, வெஸால் கேட்டான்.

“மிர்சா, கணத்துக்குக் கணம் எல்லாம் மாறுதுன்னா, நேத்து திருடினவன் இன்னிக்கு இல்ல. மறுமையில ஆண்டவன் யாரப் புடிச்சு விசாரிப்பான்?”

“தண்ணி மாறினாலும் ஆறு அதே ஆறுதானப்பா.”

“அது கரையில நிக்கிறவன் சொல்றது. நாமளும் ஓடுறோம்னா கரை எங்க மிர்சா?”

 மிர்சா சிரித்தேவிட்டார்.

“தெரியல. நாளைக்குச் சொல்றேன்.”

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஹாஜி எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

“அப்போ... போன வருஷம் நான் பண்ண பொய்ச்சத்தியம் யாரோடது?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே கேட்டார்.

“நாளைக்கு வர்றேன். பதில் தெரியிறவரைக்கும் பூட்டு வேணாம்.”

அவர் தலை மறைந்ததும் வெஸால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளத்தடிக்கு ஓடினான்.

“இப்போ நான் மிர்சா பக்கம். நீ ஒடைடா, சீக்கிரம்.”