அஸ்மத் பீவியின் குட்டிக்கரணம்

மீராசா பாய் அந்த விமானத்தை வாங்கி ஆறு வருஷம் ஆகியும் அவர் மனைவி அஸ்மத் பீவி அதில் ஒரு தடவைகூட ஏறவில்லை. ராஸ் அல் கைமா பக்கம் இருந்த சின்ன விமானத்தளத்துக்குக் கணவரோடு வருவார். ஹேங்கர் என்ற விமானக் கொட்டகையின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்வார். விமானம் மேலே போய்க் குட்டிக்கரணம் போடும்போது மட்டும் தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொள்வார்.

பாய் கீழக்கரைக்காரர். துபாயின் தேரா பகுதியில் கப்பல்களுக்கு வேண்டிய கயிறு, சங்கிலி, விளக்கு எல்லாம் விற்கும் கடை வைத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஐம்பத்துநாலில் இதை வாங்கினார். சோவியத் காலத்தில் ராணுவத்துக்குப் போகிற மாணவர்கள் வானத்தில் கரணம் அடித்துப் பழகுவதற்காகக் கட்டிய யாக்-52. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. மூக்கில் ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் எஞ்சின். 1984இல் செய்தது.

“எனக்கு முட்டி தேஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்கு எது தேஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்?” என்பார் அஸ்மத் பீவி.

அது தெரிந்த ஆள் நாகவள்ளி. ஒட்டன்சத்திரத்துக்காரி. சென்னையில் விமானப் பராமரிப்பு படித்துவிட்டு, துபாயில் ஒரு பெரிய விமானக் கம்பெனியின் ஹேங்கரில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். அங்கே ஒரு விமானத்தை நாற்பது பேர் பார்ப்பார்கள். அவள் கைக்கு ஒரு சக்கரமோ ஒரு கதவோதான் வரும். அதில் சலித்துப்போய் இந்தத் தளத்துக்கு வந்தாள். இங்கே தனியாருக்குச் சொந்தமான நாலு பழைய ராணுவ விமானங்கள். நாலும் தலை முதல் வால் வரை அவள் பொறுப்பு. ஒவ்வொரு ஐம்பது மணி நேரப் பறப்புக்கும் ஒரு சோதனை, வருஷத்துக்கு ஒரு பெரிய சோதனை. அவள் கையெழுத்துப் போட்டால்தான் பாய் பறக்க முடியும். உதவிக்குக் கார்மேகம் இருந்தார். பரமக்குடிப் பக்கத்து ஆள், ஐம்பது வயதுக்காரர். கழுவுவது, பெட்ரோல் ஊற்றுவது, தள்ளுவது எல்லாம் அவர்.

ஜனவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐம்பது மணி நேரச் சோதனை முடிகிற நேரத்தில் பாய் போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம். அஸ்மத் சம்மதித்துவிட்டாளாம். நாளைக் காலையில் வருகிறாளாம். ஒரே ஒரு கரணம், அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளாம். மனசு மாறுவதற்குள் ஏற்றிவிட வேண்டும், விமானம் தயாராக இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்று நாகவள்ளி சொன்னாள். அவளுக்கும் சந்தோஷம்தான். அந்த வேகத்தில் வால்பக்கத்து மூடிகளைப் போட்டுத் திருகாணிகளை முடுக்கினாள். சோதனைத் தாளின் கடைசி வரி, ‘கருவிகள் எண்ணிச் சரிபார்க்கப்பட்டன.’ அதற்கு நேரே டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் எண்ணவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அஸ்மத் பீவி வந்தார். துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிப் பின் குத்தியிருந்தார். நாகவள்ளிதான் பின் இருக்கையில் உட்காரவைத்து வார்களை மாட்டிவிட்டாள். கார்மேகத்துக்கு அன்று லீவு; பல் வலி என்று பர் துபாயில் ஒரு டாக்டரிடம் போயிருந்தார். அதனால் அவளே முன்விசிறியைக் கையால் ஏழெட்டுச் சுற்று சுற்றிவிட்டாள். இந்த எஞ்சினில் நின்ற நேரத்தில் எண்ணெய் கீழ் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கும். சுற்றிப் பார்க்காமல் கிளப்பினால் எஞ்சினே போய்விடும். பிறகு எஞ்சினைக் கிளப்புவதற்காக அடைத்துவைத்த காற்று சீறி, எஞ்சின் இருமி, வெள்ளைப் புகை விட்டுப் பிடித்துக்கொண்டது. விமானம் ஓடி மேலே ஏறியது.

நாகவள்ளி ஹேங்கருக்குள் வந்து கருவிப் பெட்டியின் இழுப்பறையைத் திறந்தாள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஸ்பாஞ்சில் வெட்டிய குழி இருக்கும். ஒரு குழி காலியாக இருந்தது. இழுத்தால் நீளும் கம்பியின் நுனியில் சின்ன வட்டக் கண்ணாடி, கை நுழையாத இடத்தைப் பார்ப்பதற்கானது. நேற்று அதைக் கடைசியாக அவள் வைத்துப் பார்த்தது வாலுக்குள்.

வாலுக்குள்தான் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குகிற பலகையை அசைக்கும் இரும்புக் கை இருக்கிறது. நேராகப் பறக்கும்போது ஒரு பொருள் தரையில் சும்மா கிடக்கும். கரணத்தில் தலைகீழாகும்போது உருண்டு போய் அந்தக் கைக்கு இடையில் சிக்கினால், பாய் எவ்வளவு இழுத்தாலும் மூக்கு மேலே வராது.

சுவரில் மாட்டியிருந்த ரேடியோவை எடுத்தாள். அந்த அலைவரிசையில் தளத்தில் இருக்கிற அத்தனை விமானிகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். இந்தியர்கள் ஐந்தாறு பேருக்குத் தமிழும் புரியும். சும்மா எஞ்சின் சத்தம் சரியில்லை என்று சொல்லித் திரும்பக் கூப்பிடலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிச் சொன்னால் பாய் எஞ்சினைத்தான் கவனிப்பார். விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கை எப்படி வேண்டுமானாலும் அசைப்பார்.

“பாய், கரணம் போடாதீங்க. என் கண்ணாடி ஒண்ணு வாலுக்குள்ள கிடக்குதோன்னு சந்தேகமா இருக்குது. என் தப்புதான். ரொம்பச் சாய்க்காம, மெதுவாத் திருப்பி எறக்கிருங்க.”

“சரி, வர்றேன்” என்றார் பாய்.

அவர் நன்றாகவே ஓட்டினார். பெரிய வட்டமாகச் சுற்றி, நீண்ட தூரத்திலிருந்தே நேராக வந்து, சக்கரம் தொட்டதே தெரியாமல் இறக்கினார். எஞ்சின் நின்றதும் நாகவள்ளி இறக்கையில் ஏறி அஸ்மத் பீவியின் வார்களைக் கழற்றினாள். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். நாகவள்ளி மறைக்காமல் சொன்னாள். நேற்றே எண்ணியிருக்க வேண்டும், எண்ணாமலே எண்ணியதாக எழுதிவிட்டேன் என்றாள்.

பாய் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். “ஆறு வருஷம், வள்ளி” என்றார். அவ்வளவுதான். காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அஸ்மத் பீவி போகவில்லை. கண்ணாடி எவ்வளவு பெரிசு இருக்கும் என்று கேட்டார். நாகவள்ளி விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். அது கிடைக்கும்வரை விமானம் பறக்காதா என்று அடுத்த கேள்வி. உள்ளே இல்லை என்று நிச்சயமாகத் தெரியும்வரை பறக்காது என்றாள். “அப்ப தேடுவோம். நான் எதப் பிடிக்கணும்னு சொல்லு” என்று வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டார்.

வழக்கமான சோதனையில் வால்பக்கத்து மூடிகளை மட்டும்தான் திறப்பார்கள். இந்தத் தடவை நாகவள்ளி பின் இருக்கைக்குப் பின்னாலிருந்த தடுப்புத் தகட்டையும் கழற்றினாள். அஸ்மத் பீவி இறக்கையில் நின்று, குனிந்து, அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்தார். நாகவள்ளி வாலடியில் படுத்துக்கொண்டு உள்ளே கையை விட்டுத் துழாவினாள். கேமரா பொருத்திய ஒயரையும் விட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரமாகியும் கண்ணாடி கிடைக்கவில்லை. தூசியும், ஒரு செத்த வண்டும்தான் கிடைத்தன.

“வள்ளி, அங்க கறுப்பா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கே, அதுவும் விமானத்தோட சேர்ந்ததா?” என்று மேலேயிருந்து கேட்டார் அஸ்மத் பீவி.

பழைய கிரீஸாக இருக்கும் என்றாள் நாகவள்ளி. கிரீஸுக்கு எதற்குத் தலை இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நாகவள்ளி எழுந்து இறக்கையில் ஏறி, அவர் தலையோடு தலை ஒட்டிப் பார்த்தாள். வால்பக்கத்து மூடி வழியே எட்டிப் பார்த்தால் உள்சட்டத்தின் விளிம்பு மறைக்கிற இடம். அதற்கு முன்பக்கம், நாற்பது வருஷத்துக் கிரீஸும் மண்ணும் சேர்ந்து இறுகிய மேட்டுக்குள் பாதி புதைந்து நாலு விரல் நீள போல்ட் ஒன்று இருந்தது. அவள் கம்பியால் நெம்பியதும் கழன்று வந்துவிட்டது. வேறு எங்கேயும் பொருந்தாத போல்ட். எந்த ஊரில், யார் கையிலிருந்து விழுந்ததோ. மேட்டில் அது இருந்த பள்ளம் அகன்று, போல்ட் அசைய இடம் விட்டிருந்தது. அதற்கு நேரே அந்த இரும்புக் கையின் விளிம்பில் போல்ட் உரசிய மூன்று கீறல்கள், புதிதாக, பளபளப்பாக.

அவள் இறக்கையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருஷமாக இந்த வாலைப் பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாள். அஸ்மத் பீவி அவள் முதுகில் கை வைத்தார். பிறகு காருக்குப் போய்க் கணவரைக் கூட்டிவந்தார்.

பாய் போல்ட்டை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கீறல்களைப் பார்த்தார். அவள் கண்ணாடியைத் தொலைத்ததும் நல்லதாகப் போயிற்று என்றார்.

“அப்பிடிச் சொல்லாதீங்க, பாய்” என்றாள் நாகவள்ளி. “நான் எண்ணியிருந்தா வெள்ளிக்கிழமையே கண்ணாடி இல்லைன்னு தெரிஞ்சிருக்கும். இந்தத் தேடல் அப்பவே நடந்திருக்கும். அக்காவ ஏத்தி அனுப்பியிருக்க மாட்டேன்.”

பாய் அவளைப் பார்த்தார். கோபம் போய்விட்டிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றாள். அவரே போய் மூன்று பேருக்கும் மந்திச் சோறு, கறியோடு வாங்கிவந்தார். ஹேங்கர் தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கண்ணாடி மட்டும் அன்று கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பக்கக் கன்னம் வீங்கிப்போய்க் கார்மேகம் வந்தார். வாய்க்குள் பஞ்சு. நேற்று நாகவள்ளி பத்துத் தடவை போன் செய்திருந்தாள். மாத்திரை மயக்கத்தில் தொழிலாளர் கேம்ப் ரூமில் தூங்கிவிட்டாராம். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினார். வெள்ளிக்கிழமை கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதற்காக எடுத்தாராம். பார்த்துவிட்டுப் பையில் போட்டதை மறந்துவிட்டாராம்.

“ஒரே பல்லுதானேன்னு பாத்தேன் தாயி. ரெண்டு புடுங்கிட்டான்” என்றார்.

நாகவள்ளிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. பிறகு அவரை நன்றாகத் திட்டினாள். கருவிப் பெட்டியிலிருந்து ஒரு திருப்புளிகூடத் தன்னைக் கேட்காமல் வெளியே போகக் கூடாது என்றாள். தன்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. பஞ்சை ஒதுக்கிக்கொண்டு, சரி சரி என்று தலையாட்டினார்.

நடந்ததை எல்லாம், தான் எண்ணாமல் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து, அறிக்கையாக எழுதி விமானத் துறை அலுவலகத்துக்கு அனுப்பினாள். கூப்பிட்டு விசாரித்தார்கள், எச்சரித்தார்கள், விட்டுவிட்டார்கள். கீறல் விழுந்த இரும்புக் கைக்குப் பதிலாக இன்னொன்று லிதுவேனியாவிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் நாலு விமானங்களின் வால்களையும் தடுப்புத் தகடுகளைக் கழற்றிச் சுரண்டித் துடைத்தாள். மற்ற மூன்றில் ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் அல் ஐன் நகரிலிருந்து சேதுமாதவன் என்ற இன்னொரு இன்ஜினியரை வரவழைத்து, தான் செய்ததை அவர் கண்ணாலும் ஒருமுறை பார்க்கச் சொன்னாள். அவர் பாலக்காட்டுத் தமிழில், இனி உள்ளே இருந்து எடுக்க ஒன்றுமில்லை, இன்னும் சுரண்டினால் பெயின்ட்தான் வரும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அஸ்மத் பீவி இனிமேல் ஏறவே மாட்டாள் என்று பாய் முடிவுகட்டிவிட்டார். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம். ஆனால் பிப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை நாகவள்ளிக்குப் போன் வந்தது. விமானம் சரியாகிவிட்டதா என்று அஸ்மத் பீவி விசாரித்தார். ஆகிவிட்டது என்றதும், சனிக்கிழமை தனக்குச் சௌகரியம்தான் என்றார்.

பயமாக இல்லையா என்று நாகவள்ளி கேட்டாள்.

“இருக்குது. முன்ன அதுல எது கெட்டுருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன். அத்தனை பேரு கேக்கையில நீ ரேடியோவுல என் தப்புன்னு சொன்னியே. இனி ஒண்ணுன்னா நீ சொல்லிருவ. அது போதும் எனக்கு.”

சனிக்கிழமை காற்று அடங்கியிருந்தது. நாகவள்ளி கருவிகளைக் கார்மேகத்தை எதிரே நிறுத்திவைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு அவரையும் எண்ணச் சொன்னாள். விமானம் மேலே போனதும் இருவரும் வெளியே வந்து நின்றார்கள். ஊருக்கு அப்பால், கடலோர மணல் மேடுகளுக்கு மேலே, அது மூக்கைத் தூக்கி ஏறியது. உச்சியில் ஒரு கணம் தலைகீழாக நின்றதுபோல் இருந்தது. பிறகு மெதுவாக வளைந்து இறங்கி நேரானது. வட்டம் சரியான வட்டமாக இல்லை.

ரேடியோவில் அவர் குரல் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. விமானம் திரும்பி வராமல் மறுபடி மூக்கைத் தூக்கியது. இரண்டாவது கரணம்.

இறங்கியதும் அஸ்மத் பீவியின் முகம் சிவந்திருந்தது. துப்பட்டா ஒரு பக்கம் நழுவியிருந்தது. வார்களைக் கழற்ற வந்த நாகவள்ளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடல் தலைக்கு மேலே வந்துவிட்டது என்றார். முதல் தடவை கண்ணை மூடிவிட்டதால்தான் இன்னொன்று போடச் சொன்னாராம். பாய் முன் இருக்கையிலிருந்து இறங்காமல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

நாகவள்ளி விமானத்தின் குறிப்பேட்டைத் திறந்து, பறந்த நேரம் இருபத்தைந்து நிமிடம் என்று எழுதினாள். அஸ்மத் பீவி எட்டிப் பார்த்து, யார் பறந்தது என்று இதில் எழுத மாட்டீர்களா என்று கேட்டார். அதற்கு இதில் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், ஓரத்தில் சின்னதாக எழுதினாள்: பின் இருக்கையில் அஸ்மத் பீவி, கரணம் இரண்டு.