எழுத்து ஓடும்போது

செத்திமியோ தன் முதல் படத்தை எடுத்து முடித்த வாரம், அவன் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"இனிமே நீ சாம் ஹட்சின்ஸ்," என்றார் தயாரிப்பாளர் சர்த்தோரி, காப்பியைக் கலக்கிக்கொண்டே. "கௌபாய் படத்தை அமெரிக்காக்காரன் எடுத்தாத்தான் நம்ம ஜனம் நம்பும். செத்திமியோ காப்பராரோன்னு போட்டா, பாலாடைக்கட்டி விளம்பரம்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிடுவான்."

அந்தக் காலத்து ரோமில் இது ஒன்றும் அதிசயமில்லை. கதாநாயகன், வில்லன், ஏன், குதிரைக்குத் தீனி வைத்தவன் வரைக்கும் படத் தொடக்கத்தில் எழுத்து ஓடும்போது அமெரிக்கர்களாகிவிடுவார்கள். படம் முடிந்ததும் எதிர்க்கடையில் போய் பாஸ்தா தின்பார்கள். வேறு சமயமாக இருந்தால் செத்திமியோவும் சிரித்திருப்பான். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பதுபோல, அவன் ஏற்கெனவே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தான். "திரையில என் பேரு வருதுப்பா. நம்ம ஊர்லயும் போடறாங்க."

அப்பா குவிரினோ மலையூரில் கசாப்புக் கடைக்காரர். "காப்பராரோவும் மகனும்" என்று கடைப் பலகை எழுதிய மறு வருஷமே மகன் ரோமுக்கு ஓடிவிட்டான். அதிலிருந்து எப்போது பேசினாலும் ஒரே கேள்விதான்: "நீ அங்க என்னதான்டா செய்யறே?" லென்ஸ், கோணம் என்று இவன் எதை எதையோ சொல்லிப் பார்ப்பான். கடைசியில் அவர், "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். இந்தத் தடவை மட்டும் அவர் வைக்கவில்லை. "உம் பேரா? பெருசா வருமா?" என்றார். மறுநாளே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஊரைக் கூட்டி வந்து உட்கார்ந்திருக்கும் மனுஷன் முன்னால் எவனோ ஒரு ஹட்சின்ஸ் வந்து நின்றால், மகன் இத்தனை வருஷமாகப் புளுகினான் என்றுதான் நினைப்பார். செத்திமியோவுக்குத் தூக்கம் போயிற்று.

கடைசி நம்பிக்கை நீவெஸ். ரோமில் எடுத்த கௌபாய் படங்களில் பாதிக்கு எழுத்து போட்டது அந்த அம்மாள்தான். ஒரு மருந்துக் கடையின் மாடியில் கத்தரிக்கோலும் கறுப்புத் தாளும் சிகரெட் சாம்பலுமாக உட்கார்ந்திருப்பாள். வாய் கொஞ்சம் காரம். கை மட்டும் தெய்வம் கொடுத்தது.

"ஒரு ஓரமா, சின்னதா என் நிஜப் பேரைப் போட்டுடுங்களேன்," என்றான்.

"எறும்பளவுக்குப் போட்டாலும் சர்த்தோரி மோப்பம் புடிச்சு வந்துடுவான், மிஸ்டர் ஹட்சின்ஸ்."

"எங்கப்பா பாக்கணும்மா."

"உங்கப்பாவையும் சேத்துத்தான் சொல்றேன். ஜனம் என்ன, பேரைப் படிக்கவா வருது? ஞாயித்துக்கிழமை மூக்குப் புடிக்கத் தின்னுட்டு, பொண்டாட்டியோட சண்டையும் போட்டுட்டு, பூசணி வெதையைக் கொறிச்சுக்கிட்டு வந்து உக்கார்றான். அந்த ஆளை ரெண்டே நிமிஷத்துல அவன் வீட்டுலேருந்து கழட்டி உங்க பாலைவனத்துல நிறுத்தணும். அதுக்குத்தான் எழுத்து. பேரெல்லாம் ஒரு சாக்கு." கத்தரிக்கோலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஹீரோ ஸ்பெயினுக்குப் போய்த் தொலைஞ்சுட்டான். எழுத்துக்கு நடுவுல நடக்க எனக்கு ஒரு ஆள் வேணும். அந்தச் சொவரு வரைக்கும் போங்க."

அவன் எரிச்சலோடு நடந்தான். அவள் கேமராவை ஓடவிட்டாள். திரும்பி வரச் சொன்னாள். இன்னொரு தடவை போகச் சொன்னாள்.

"இடது தோள்ல என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாமலே சொமக்கறீங்களே."

அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. பத்தொன்பது வயது வரை வண்டியிலிருந்து கடைக்குப் பாதிப் பன்றியைத் தூக்கிப்போன தோள் அது. இன்னும் அதற்கு இடம் விட்டுத் தாழ்ந்தே இருந்தது. தலை மறுபக்கம் சாய்ந்தே இருந்தது. வெட்கத்தில் தோளை நிமிர்த்தப் போனான்.

"நிமித்தினா இந்தக் கத்தரிக்கோலாலயே குத்துவேன்," என்றாள் நீவெஸ்.

ஒரு வாரம் கழித்துச் சுவரில் ஓட்டிக் காட்டினாள். படம் பிடித்த நடையை ஒவ்வொரு அசைவாகத் தாளில் வரைந்து, வெட்டி, கறுப்பு நிழலாக்கியிருந்தாள். பின்னால் ரத்தச் சிவப்பு வானம். முகமில்லாத ஒருவன் தூரத்திலிருந்து நடந்து வருகிறான். பட்டறையில் இரும்பை அடிக்கிற சத்தம் மட்டும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெயர் வெடித்துச் சிதறித் தூசியாக விழ, அந்தத் தூசியையே மிதித்துக்கொண்டு அவன் வருகிறான். செத்திமியோவின் கதையில் நாயகன், செத்துப்போன அண்ணனை மனசில் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிபவன். அதைச் சொல்ல இவன் படம் முழுக்க வசனத்தைக் கொட்டியிருந்தான். அவளோ ஒரு தோளைச் சாய்த்துச் சொல்லிவிட்டாள். தன் படம் எதைப் பற்றியது என்பது அவனுக்கே அன்றுதான் புரிந்தது. பொறாமைகூட வரவில்லை. அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

"பசை ஒட்டப்போகுது," என்றாள் அவள்.

ஆனாலும் பெயர் ஹட்சின்ஸ்தான். மலையூர்க் கொட்டகையில் செத்திமியோ அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது வந்து அவன் கையைக் குலுக்கினார்கள். பாதிப் படத்தில் வந்து பாதிப் படத்தில் போகிற ஊர் அது. அன்றைக்கு அப்பா வாசலில் நின்று ஒவ்வொருவரையும் தள்ளாத குறையாக உள்ளே அனுப்பியிருந்தார். இப்போது கல்யாணக் கோட்டோடு, மடியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

விளக்கு அணைந்தது. பேச்சு அணையவில்லை. விதை உடைபடும் சத்தம், குழந்தை அழுகை. பிறகு முதல் அடி விழுந்தது. சிவப்பு பரவியது. ரெண்டாவது அடிக்குக் கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நிழல் நடந்து வந்தது.

பின்வரிசையிலிருந்து தபால்காரர் எவாரிஸ்தோவின் குரல் கிளம்பியது. "ஏய், நம்ம குவிரினோடா இது. பன்னியைக் கீழ போட்டுட்டு வர்றான் பாரு."

கொட்டகையே சிரித்தது. "குவிரினோ, குவிரினோ" என்று ஆளாளுக்குக் கூவினார்கள். செத்திமியோவுக்குச் சுருக்கென்றது. எந்தக் கடையை விட்டு ஓடினானோ அந்தக் கடைக்காரரின் பெயரைத்தான் ஊர் அவன் படத்தில் படித்தது. அந்த நேரம் பார்த்துக் கடைசி அடி விழுந்தது. இயக்கம், சாம் ஹட்சின்ஸ்.

அப்பா அவன் பக்கம் சாய்ந்தார். "அவன் யாருடா?"

"நான்தான்பா. பேரை மாத்திட்டாங்க."

"அப்ப நடக்கறது?"

"அதுவும் நான்தான்."

அப்பா திரையைப் பார்த்தார். மகனின் தோளைப் பார்த்தார். எழுந்து நின்றார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் நிழலும் போய்த் திரையில், அந்த நிழலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அதே சாய்வு. சிரிப்பு இன்னும் பலமாயிற்று. "நீயேதான், உக்காருடா" என்றார் எவாரிஸ்தோ.

குவிரினோ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"சும்மா இருங்கடா. அது நான் இல்ல. என் மகன்."