காது சும்மாதானே இருக்கு

அந்தக் கிளை நூலகத்தில் அவளுக்கு ‘உஷ் அக்கா’ என்று பெயர். வாசிப்பறையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இருபத்தோரு வருஷமாக அதே நாற்காலி, அதே மேசை. யாராவது செய்தித்தாளைக் கொஞ்சம் பலமாகப் புரட்டினாலே போதும், தலையைக்கூடத் தூக்காமல் “உஷ்” என்பாள். ஒருமுறை உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பக்கத்து வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டு நாத்தனாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அப்படிப்பட்டவளைத்தான் உரக்கப் படிக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

தலைமை நூலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஓர் ஊழியர் ஐந்து நாள் பயிற்சிக்கு வர வேண்டும். மக்களுக்குப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லித் தருவார்கள். திரும்பிப் போனதும் ஒரு மாதத்துக்குள் தங்கள் கிளையில் ஒரு வாசிப்பு நிகழ்ச்சி நடத்தி அறிக்கை அனுப்ப வேண்டும். நூலகர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு அவள் பக்கம் தள்ளினார்.

“எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீஸ். கம்ப்யூட்டர்ல உக்கார்ற பொண்ணு பிரசவ லீவுல போயிருக்கு. மிச்சம் யாரு?”

“சார், நான் போய் என்ன பண்ணப்போறேன்? எனக்கு வர்றது ஒரே ஒரு சொல்லுதான்.”

“அதையும் அங்கேயே விட்டுட்டு வாங்க” என்றார் நூலகர்.

முதல் நாள் மொத்தம் பதினாறு பேர் வந்திருந்தார்கள். பயிற்சி நடத்திய அம்மாவுக்கு இவளைவிடப் பத்து வயசு குறைவாகத்தான் இருக்கும். மேசை நிறையப் புத்தகங்களைப் பரப்பி, பிடித்ததை எடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கச் சொன்னார். இவள் கைக்கு அகப்பட்டது ஒரு தடிமனான நாவல். கப்பலில் சமையல்காரனாகப் போனவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலைத் தவறவிட்டுவிட்டு, வேறு ஒருவன் பெயரில் வாழ ஆரம்பிக்கிற கதை. எழுந்து நின்று படித்தாள். முழுப் பக்கத்தையும் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், இவள் எப்போது ஆரம்பிக்கப்போகிறாள் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“உதடு அசைஞ்சதைப் பாத்தேன். நல்லாத்தான் படிச்சிருப்பீங்க” என்றார் பயிற்சியாளர்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவளும் சேர்ந்து சிரித்தாள் என்றாலும் முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை வருஷம் கிசுகிசுத்தே பழகியதில் தன் குரல் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள். அவர் பஸ் கண்டக்டர். கூட்டத்தில் நின்று கத்துவதில் முப்பது வருஷ அனுபவம்.

“இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? முன்னாடி படியில நின்னு நான் கத்தினா, கடைசி சீட்டுல தூங்குறவன் முழிச்சு இறங்கணும். தொண்டையில இருந்து கத்தாத, ரெண்டு நாள்ல கட்டிக்கும். அடிவயித்துல இருந்து எடு. நீ கூடத்துல நின்னு படி, நான் அடுப்படியில இருக்கேன்.”

கையோடு எடுத்துவந்திருந்த அந்த நாவலை அவள் படித்தாள். “கேக்கலை!” என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. மறுபடி படித்தாள். “பாதிதான் கேக்குது!” மூன்றாம் தடவை மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பதில் இல்லை. இரண்டு பக்கம், மூன்று பக்கம் போயிற்று. அப்போதும் பதில் இல்லை. கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டாரோ என்று எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டியோடு கதவோரம் சாய்ந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

“ஏங்க, பாலு!”

“அது கிடக்குது விடு. அவன் கப்பலைப் புடிச்சானா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல.”

ஐந்தாம் நாள் அவள் படித்தபோது, கூடத்தின் கடைசியில் போய் நின்ற பயிற்சியாளர் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார், நன்றாகக் கேட்கிறது என்று.

கிளைக்குத் திரும்பி, நூலக வாசலில் தன் கையால் எழுதிய அறிவிப்பை ஒட்டினாள். புதன்கிழமை மதியம் வாசிப்பு நிகழ்ச்சி, அனைவரும் வருக. இருபது நாற்காலி போட்டாள். வந்தது இரண்டே பேர். ஒருவர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட்டார். இன்னொருவர் கடைசிவரை பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டார்: “எப்பம்மா கண்ணு டெஸ்ட் பண்ணுவீங்க? வாசிப்புன்னு போட்டிருந்துச்சே, எழுத்தை வாசிக்கச் சொல்லிப் பாப்பீங்கன்னு வந்தேன்.”

நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பிடிக்க வந்தாள் எதிர்க் கட்டிடத்துத் தையல்காரி. தினமும் நூலகக் குழாயில் நாலு பாட்டில் நிரப்பிக்கொண்டு போவாள். புத்தகப் பக்கம் திரும்பியதே கிடையாது.

“என்னக்கா, காலி நாற்காலிக்கா படிச்சுக் காட்டுனீங்க?”

“நீங்கல்லாம் எட்டிப் பாத்திருக்கலாம்ல?”

“ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் தலைக்கு மேல கிடக்குக்கா. மெஷினை விட்டு எந்திரிக்க முடியாது. நீங்க வேணா அங்க வந்து படிங்க. கைதான் வேலை செய்யுது, காது சும்மாதானே இருக்கு!”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலமே உஷ் அக்கா தையல்கூடத்து முதலாளி முன்னால் போய் நின்றுவிட்டாள். அவர் தாடையைச் சொறிந்தார். “அரை மணி நேரம். அதுவும் ஒரு மெஷின்கூட நிக்கக் கூடாது. நின்னா அதோட சரி.” நூலகர் தன் பங்குக்கு வருகைப் பதிவேட்டில் ‘வெளிப்பணி’ என்று எழுதிக் கொடுத்தார்.

நீளமான கூடம். இரண்டு வரிசையில் பதினோரு தையல் மெஷின். தரையெல்லாம் நூல் பிசிறும் நீலத்துணி வெட்டும். ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி ஆவி கக்கிக்கொண்டிருந்தது. நடுவே பெரிய மேசையில் கட்டிங் மாஸ்டர் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பதினோரு மெஷினும் ஒன்றாக ஓடும் சத்தத்தில், அவள் படித்த கப்பல் சமையல்காரன் நாவலின் முதல் வரி அவளுக்கே கேட்கவில்லை. கணவன் சொன்னதை நினைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

“சத்தமா படிம்மா, இங்க வரைக்கும் வரலை!” என்றார் கட்டிங் மாஸ்டர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்குக் கேட்டுவிட்டால் ஊருக்கே கேட்ட மாதிரி.

நாலு நாள் எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. ஐந்தாம் நாள், வேறு பெயரில் வாழும் சமையல்காரனைத் தேடி அவன் மனைவி அதே தெருவுக்கு வந்துவிட்டாள். ஓட்டல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். உஷ் அக்கா பக்கத்தைத் திருப்பினாள். அப்போதுதான் கூடம் முழுக்க அமைதியாக இருப்பதைக் கவனித்தாள். ஒரு மெஷின்கூட ஓடவில்லை. வாசலில் முதலாளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நான் என்ன சொன்னேன்?”

அவளே புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தாள். “தப்பு என்னோடதுதான் சார். பரபரப்பான இடமெல்லாம் இனிமே டீ நேரத்துல படிக்கிறேன். வேலை நேரத்துல கடலு, மழை, மரம்னு வர்ற பக்கமாப் பாத்துப் படிச்சுடுறேன். அதுல எந்த மெஷினும் நிக்காது.”

முதலாளி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவ அடையாளம் கண்டுபிடிச்சாளா?” என்று கேட்டார். கூடமே கொல்லென்று சிரித்தது.

அப்படியே பன்னிரண்டு நாள் ஓடிற்று. கதை பாதியைத் தாண்டியபோதுதான் குட்டு உடைந்தது. கட்டிங் மாஸ்டர் சனிக்கிழமை யாருக்கும் தெரியாமல் நூலகத்துக்குப் போய், நூலகரிடம் உறுப்பினர் அட்டை போட்டு, அந்த நாவலின் இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து முடித்தும் விட்டார். திங்கட்கிழமை காலை தெனாவெட்டாக வந்து நின்றார்.

“முடிவு எனக்குத் தெரியும். இன்னைக்கு யாரு எனக்கு டீ வாங்கித் தர்றது?”

பதினோரு பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். “வாயைத் திறந்தீங்க, உங்க கத்திரிக்கோலை ஒளிச்சு வச்சிருவோம் மாஸ்டர்!” மனுஷன் அசரவில்லை. துணி வெட்டிக்கொண்டே, “பாவம், அந்தப் பொம்பளை…” என்று ஆரம்பிப்பார். எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். மறுநாள் மதியம் பொறுக்கமாட்டாமல் பதினோரு பேரும் நூலகத்துக்குள் படையெடுத்தார்கள். அவர் உளறுவதற்கு முன்னால் தாங்களே படித்துவிட வேண்டுமாம். உறுப்பினர் விண்ணப்பம் தீர்ந்துபோய், நூலகர் அலமாரிக்குப் பின்னாலிருந்து பழைய விண்ணப்பக் கட்டை எடுத்துத் தூசி தட்ட வேண்டியதாயிற்று. மற்ற கிளைகளுக்குப் போன் போட்டு மூன்று பிரதி வரவழைத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற இரண்டு பேருக்குத் தண்ணீர் பிடிக்க வருகிற தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்தாள். ஆனாலும் கடைசி அத்தியாயத்தை உஷ் அக்கா வாயால்தான் கேட்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள். அன்று டீ நேரத்தை முதலாளியே முக்கால் மணியாக நீட்டினார். மனைவி சமையல்காரனின் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட இடத்தில், எல்லாம் தெரிந்த கட்டிங் மாஸ்டர்தான் முதலில் மூக்கை உறிஞ்சினார்.

அறிக்கையில் இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி நாலு பக்கம் எழுதி அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வாசிப்பு வழிநடத்துநர் சான்றிதழ்ப் படிப்பு, ஆறு மாதம், சனிக்கிழமை தோறும் வகுப்பு. இந்தக் கிளையிலிருந்து அவளையே சேர்த்துக்கொள்ள விரும்புவதாகப் பயிற்சியாளர் கையெழுத்திட்டிருந்தார்.

“நாப்பத்தொன்பது வயசுல பரீட்சையா சார்?” என்றாள் நூலகரிடம்.

“ஃபெயிலானா என்கிட்ட சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று பேனாவை நீட்டினார் அவர்.

அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டாள். பிறகு புது நாவல்கள் மூன்றை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அடுத்தது எது என்று தையல்கூடத்தில் இன்றைக்கு வாக்கெடுப்பு. மெஷின்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டதாகவும், இஸ்திரிக்காரர் எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியவில்லை என்றும் காலையிலேயே தகவல் வந்திருந்தது.